ஆறாம் கிணறும் அண்ணன் கடையும்

நகரக் குடிநீர் வாரியத்தில் அவளுக்குப் பெயர் பாட்டிலம்மா. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒட்டிக்கொண்ட பெயர். தோளில் பனிப்பெட்டி, பெட்டிக்குள் பன்னிரண்டு கண்ணாடி பாட்டில், காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டரில் கிளம்பும் பெண். வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? கல்யாணத்துக்கு வரன் பார்த்த காலத்தில் ஒரு வீட்டார் அலுவலக வாசலில் வந்து விசாரித்தார்கள். காவலாளி நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "யாரு, நம்ம பாட்டிலா? தங்கமான பொண்ணுங்க. ஒரு நாளைக்குப் பன்னெண்டு, கணக்குத் தப்பாது."

அந்த வரன் அத்தோடு போயிற்று. அடுத்து வந்தவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். எதையும் இரண்டு தடவை படிக்காமல் நம்பாத ஆள். அவர் நேரே அவளிடமே வந்து, பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கேட்டார். தண்ணீர் என்றாள். கல்யாணம் ஆயிற்று.

அந்த நகரத்துக்கு ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. நான்கு லட்சம் பேர் குடிப்பது வடக்கு ஓரத்துத் தோப்புக்குள் இருக்கும் பதினொரு ஆழ்குழாய்க் கிணறுகளின் தண்ணீர். அங்கே நிலத்துக்கு அடியில் பாறை கிடையாது, கூழாங்கல்லும் மணலும்தான். மழை விழுந்தால் சல்லடையில் ஊற்றியதுபோல் உள்ளே இறங்கிவிடும். மழைதான் இறங்கும் என்றில்லை, மேலே எதைக் கொட்டினாலும் இறங்கும். அதனால் வாரியம் கிணறுகளைச் சுற்றி இரண்டு வட்டங்கள் வரைந்திருந்தது. முதல் வட்டத்துக்குள் வாரியத்து ஆட்களைத் தவிர யாரும் நுழையக் கூடாது. இரண்டாம் வட்டத்துக்குள் ஆட்கள் இருக்கலாம். எண்ணெய், உரம், சாயம் இருக்கக் கூடாது. வட்டங்கள் வரைபடத்தில் நீலக் கோடாக இருந்தன. தரையில் அவற்றுக்கு அடையாளம் சில பலகைகள்தான். அவற்றிலும் பாதியில் யாரோ துணி காயப்போட்டிருப்பார்கள்.

பாட்டிலம்மாவின் வேலை எளிது, ஆனால் கொஞ்சமும் பிசகக் கூடாது. குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிட வேண்டும். குழாயின் வாயை நெருப்பில் காட்ட வேண்டும். மூடியின் உள்பக்கம் விரல் படாமல் பாட்டிலை நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். ஆய்வகத்தில் இருந்த மூத்த பெண்மணியை எல்லாரும் அக்கா என்பார்கள். அக்கா வாங்கி வைத்துக்கொண்டு, "இன்னிக்கும் நல்ல தண்ணிதானா? சலிப்பா இருக்கு" என்பார். அந்தச் சலிப்பைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடு.

இந்த வேலைக்குத் தேவையான வேதியியல் படிப்பை அவளுக்கு வாங்கிக்கொடுத்தவன் அண்ணன். அப்பா இறந்தபோது அவனுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு ஒரு வண்டி பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்தான். நகக்கண்ணில் கருப்பு ஏறிய கையோடு தங்கையைக் கல்லூரி வாசலில் இறக்கிவிடுவான். "நீ படி. ரெண்டு பேர் கையும் ஒண்ணா அழுக்காக வேணாம்" என்பான். பத்து வருஷத்தில் சொந்தமாகக் கடை போட்டான். நாலு லாரியை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு இடம். நகரத்தின் வடக்கே, தோப்புக்குப் பக்கத்தில், காற்றோட்டமான இடம்.

கடை இரண்டாம் வட்டத்துக்குள் இருந்தது.

முதலில் அது யாருக்கும் உறைக்கவில்லை. வட்டம் வரைந்தது கடை வந்த பிறகு. ஒரு வருஷம் வாரியம் முழு ஆய்வுக்கு உத்தரவிட்டது. வட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு இடத்தையும் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். வடக்குப் பகுதி பாட்டிலம்மாவின் பங்கு. அண்ணன் கடையின் பின்னால் ஒரு குழி இருந்தது. பழைய எஞ்சின் எண்ணெயை அண்ணன் அதில்தான் ஊற்றிக்கொண்டிருந்தான், பதினான்கு வருஷமாக. அவள் மண்வெட்டியால் குழி ஓரத்தில் வெட்டிப் பார்த்தாள். ஒரு முழ ஆழத்துக்கு மண் தார்போல இருந்தது.

"என்ன தோண்டுற? புதையலா?" என்று சிரித்தான் அண்ணன். உள்ளேயிருந்து நாற்காலி எடுத்துப் போட்டான். டீ வரவழைத்தான். அவள் குடித்தாள். டீயைக் குடித்தபடியே படிவத்தையும் நிரப்பினாள்.

அன்று மாலை அறிக்கையை வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். எழுதியதைக் கணவர் முன்னால் வைத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"'கழிவுஎண்ணெய்'னு சேர்த்து எழுதியிருக்கே. நடுவுல இடம் விடணும்."

"அவ்வளவுதானா?"

"பிழை அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு. அதான் கஷ்டம்."

மூன்று மாதத்தில் கடைக்குப் பூட்டு விழுந்தது. வாரியமே இடத்தை எடுத்துக்கொண்டு, தார் மண்ணை லாரி லாரியாக வாரிப்போட்டது. அண்ணன் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றான், உள்ளே வரவில்லை. "உன்னைப் படிக்க வெச்சேன் பாரு, அந்தப் படிப்பைக் கொண்டாந்து என் கடைமேலயே எழுதிட்ட" என்றான். அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவன் போய்விட்டான். அதன்பிறகு அண்ணி மட்டும் எப்போதாவது போனில் பேசுவாள், அதுவும் குரலைத் தாழ்த்தி. அண்ணன் கழிவுத் தொட்டி உறிஞ்சும் லாரி ஒன்றை வாங்கி ஓட்டுவதாக அவள்தான் சொன்னாள். "கை அழுக்குன்னு அப்பவே சொன்னவருதானே, இப்போ மூக்குக்கும் சேர்த்து" என்றாள் அண்ணி. சிரித்தாளா அழுதாளா என்று போனில் தெரியவில்லை.

இடம் காலியாக இருந்தது. வாரியத்தின் என்ஜினியருக்கு ஒரு யோசனை பிறந்தது. நல்ல மனிதர்தான். ஆனால் நாடா வெட்டும் கத்தரிக்கோலைப் பார்த்தால் அவருக்குக் கை தானாக நீளும். அந்த இடத்தில் நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு விழிப்புணர்வு மையம் ஒன்றைக் கட்டலாம் என்றார். மக்கள் வருவார்கள், பார்ப்பார்கள், திருந்துவார்கள். கண்ணாடிச் சுவர், கிணற்றின் குறுக்குவெட்டு மாதிரி, இருநூறு பேர் உட்காரும் அரங்கம்.

கட்டடத்துக்குத் தடையில்லாச் சான்று வேண்டும். அந்தப் படிவமும் பாட்டிலம்மாவிடம்தான் வந்தது. ஆபத்தான இடங்கள் என்று படிவத்தில் ஒரு பட்டியல் இருந்தது: பெட்ரோல் நிலையம், பழுதுபார்க்கும் கடை, சாயப்பட்டறை, மாட்டுக் கொட்டகை, உரக் கிடங்கு. விழிப்புணர்வு மையம் என்று ஒரு வரி அதில் இல்லை. யார் போடுவார்கள்? அவள் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, 'மேற்கண்ட எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. தினமும் மூன்று பேருந்துகளில் ஆட்கள் வந்தார்கள். நீரைக் காப்பது பற்றி ஒன்றரை மணி நேரம் படம் பார்த்தார்கள், இலவசமாகக் கொடுத்த இரண்டு குவளை தண்ணீரைக் குடித்தார்கள், கிளம்பும்முன் வரிசையாகக் கழிவறைக்குப் போனார்கள். கழிவறைகள் பன்னிரண்டு. நகரத்தின் கழிவுநீர்க் குழாய் அங்கே எட்டவில்லை. ஆகவே கட்டடத்தின் பின்னால் ஒரு தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில், வழியும் கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழி. குழி தோண்டுவதும் சுலபமாகப் போயிற்று. தார் மண்ணை அள்ளியெடுத்த பள்ளம் அங்கே தயாராக இருந்தது.

எட்டு மாதம் கழித்து ஆய்வக அக்கா முதல்தடவையாகச் சலிப்பில்லாமல் நிமிர்ந்தார். "ஆறாம் கிணறு. நைட்ரேட் பத்தொம்போது. எப்பவும் பன்னெண்டைத் தாண்டாதே?"

நைட்ரேட் உரத்திலிருந்தும் வரும், கழிவுநீரிலிருந்தும் வரும். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆகாது. அடுத்த மாதம் இருபத்தாறு. அதற்கடுத்த மாதம் முப்பத்தொன்று.

என்ஜினியர் கூட்டம் போட்டார். தோப்புக்குத் தெற்கே பூச்செடி வளர்ப்பவர் ஒருவர் இருந்தார். உரம் போடுகிறவர்; அவராகத்தான் இருக்கும் என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

"சார், அடியில தண்ணி வடக்கேருந்து தெக்கால ஓடுது" என்றாள் பாட்டிலம்மா. "அவர் தோட்டம் கிணத்துக்குத் தெக்கே. அவர் போடுற உரம் மலையேறி வருமா?"

"அப்போ வடக்கே என்னம்மா இருக்கு?"

அவருக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். வடக்கே மையம்தான் இருந்தது.

"அது நம்ம கட்டடம்" என்றார் என்ஜினியர் கடைசியில். நம்ம கட்டடத்துக்குள் போவது நம்ம தண்ணீருக்குக் கெடுதல் செய்யாது என்பதுபோல. பிறகு பூச்செடிக்காரருக்கே நோட்டீஸ் போயிற்று. அந்த ஆள் பயந்துபோய்ப் பாதிச் செடிகளைப் பிடுங்கிப் போட்டார். ஆறாம் கிணறு முப்பத்தாறுக்குப் போயிற்று.

இதற்குச் சோதனை ஒன்று உண்டு. சந்தேகப்படும் இடத்தில் பச்சைச் சாயம் கொஞ்சம் ஊற்றுவது. ஆளுக்குத் தீங்கில்லாத சாயம். கண்ணுக்குத் தெரியாத அளவு கிணற்றில் வந்து சேர்ந்தாலும், ஆய்வகத்தில் ஊதா விளக்கின் கீழ் பிடித்தால் ஒளிரும். அவள் அனுமதி கேட்டாள். கிடைத்தது: மையத்தைத் தவிர மற்ற எல்லா இடங்களுக்கும். ஒவ்வொன்றாக ஊற்றினாள். எதுவும் ஒளிரவில்லை.

ஆய்வக அக்கா மிச்சமிருந்த சாயப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "இதைத் திருப்பி எடுத்து வைக்கப் போறேன். நான் டீ குடிச்சிட்டு வந்து எடுத்து வைக்கிறேன்" என்றார். போனவர் அரை மணி நேரம் வரவில்லை. அவர் அப்படி டீ குடிக்கிறவரே இல்லை.

பாட்டிலம்மா அன்று மதியம் பொதுமக்களோடு வரிசையில் நின்று மையத்துக்குள் போனாள். படத்தையும் பார்த்தாள், நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். பிறகு பெண்கள் கழிவறைக்குள் போய், பொட்டலத்தைக் கொட்டி, பச்சை போகும்வரை தண்ணீர் இழுத்துவிட்டாள். ஏழு தடவை இழுக்க வேண்டியிருந்தது. வெளியே துப்புரவுப் பணிப்பெண் கதவைத் தட்டினாள்.

"என்னக்கா, வயிறு சரியில்லையா?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. கட்டடத்துக்குத்தான் சரியில்ல."

அதன்பிறகு தினமும் ஆறாம் கிணற்றில் ஒரு பாட்டில் கூடுதலாக எடுத்தாள். பத்தாம் நாள் ஒன்றுமில்லை. பதினைந்தாம் நாளும் இல்லை. தான் நினைத்தது தப்போ என்று ஒரு ஆசை அவளுக்கு எட்டிப் பார்த்தது. தப்பாக இருந்தால் எவ்வளவு நிம்மதி! பத்தொன்பதாம் நாள் அக்கா அறையின் திரையை இழுத்துவிட்டு, ஊதா விளக்கைப் போட்டார். பாட்டில் பசும்புல்லின் நிறத்தில் ஒளிர்ந்தது. அழகாகத்தான் இருந்தது.

பாட்டிலம்மாவுக்கு வெற்றி பெற்ற மாதிரியே இல்லை. நினைவுக்கு வந்ததெல்லாம் அந்தப் படிவம்தான்: 'மேற்கண்ட எதுவும் இல்லை.' அண்ணன் கடையில் மண்வெட்டி வைத்துத் தோண்டிய கை, இந்தக் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடைகூட நடந்து பார்க்கவில்லை. சொந்த அண்ணனைச் சந்தேகப்பட முடிந்தவளுக்குச் சொந்த ஆபீஸைச் சந்தேகப்படத் தோன்றவில்லையே என்று நினைத்தாள். அன்று வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர், "அது எழுத்துப்பிழை இல்ல. விடுபட்ட வரி. அதைக் கண்டுபிடிக்கறதுதான் எங்க தொழில்லயே கஷ்டம்" என்றார். அது ஆறுதலா தீர்ப்பா என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் என்ஜினியர் அறிக்கையைப் பார்த்து முகம் சிவந்தார்.

"மையத்துல சாயம் ஊத்த யார் அனுமதி குடுத்தது?"

"நான் பாத்ரூம்தான் சார் போனேன். அதுக்கும் அனுமதி வேணுமா?"

"இது வெளிய தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா?"

"சார், தண்ணிக்கு ஏற்கெனவே தெரிஞ்சுபோச்சு."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு, முன்பே சொன்னதுபோல, நல்ல மனிதராகவே நடந்துகொண்டார். மையத்தை மூட முடியாது. மேலிடத்தில் அதை ஒரு பரிசுக்கு அனுப்பியாயிற்று. ஆனால் உறிஞ்சு குழியைத் தோண்டி எடுக்கலாம். தொட்டியை எல்லாப் பக்கமும் அடைத்துவிடலாம். பதினோரு கழிவறைகளுக்குப் பூட்டு, பணியாளர்களுக்கு மட்டும் ஒன்று. நிரம்பும் தொட்டியை லாரி வைத்து அப்புறப்படுத்தலாம். பூச்செடிக்காரரின் நோட்டீஸும் சத்தமில்லாமல் திரும்பியது. பிடுங்கிய செடிகள் திரும்பவில்லை.

இரண்டாம் வட்டத்துக்குள் வரும் லாரிக்கு நிபந்தனைகள் கடுமை. பழைய எண்ணெய்க் குழி விவகாரத்துக்குப் பிறகு அவற்றை எழுதியவளே பாட்டிலம்மாதான். எண்ணெய் ஒழுகக் கூடாது, குழாய் இணைப்பில் கசிவு கூடாது, இன்னும் ஒன்பது. ஊரில் ஒரே ஒரு லாரி அத்தனையிலும் தேறியது. ஓட்டுபவர் முன்னாள் மெக்கானிக்.

செவ்வாய்க்கிழமை காலை மைய வாசலில் லாரி வந்து நின்றது. அண்ணன் இறங்கினான். ஐந்து வருஷத்தில் காதோரம் நரைத்திருந்தது. விதிப்படி வண்டியின் அடியில் வெள்ளைத் தாள் விரித்து, ஒரு சொட்டாவது விழுகிறதா என்று பத்து நிமிடம் பார்க்க வேண்டும். அவள் குனிந்து தாளை விரித்தாள். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் தாளையே பார்த்தார்கள்.

நாலு நிமிடம் ஆயிற்று.

"சொட்டாது" என்றான் அண்ணன்.

"விதி."

"யார் எழுதின விதி?"

"நான்தான்."

"அதான் பாத்தேன். பத்து நிமிஷமாம். அஞ்சு பத்தாதா?"

அவள் தாளிலிருந்து நிமிர்ந்தாள். "அண்ணா, கிணத்துல வந்தது இங்கேருந்து. எங்க கட்டடத்துலேருந்து. அந்தக் குழி இருந்த எடத்துலயே."

அண்ணன் கண்ணாடிச் சுவரை அண்ணாந்து பார்த்தான். 'ஒவ்வொரு துளியும் உங்கள் பொறுப்பு' என்று எழுதியிருந்தது. அவன் தோள் மெல்லக் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறான் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்போ என் கடை சுத்தம்னு எழுதிக் குடு."

"முடியாதுண்ணா. உன் கடையும் அழுக்குதான்."

சிரிப்பு நின்றது. அவன் அவளை நேராகப் பார்த்தான். அவள் பார்வையை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றான். "தெரிஞ்சுதான் ஊத்துனேன். எங்க போய்க் கொட்டறதுன்னு யார் சொன்னாங்க? நீ அன்னிக்கு டீயைக் குடிச்சிட்டு எழுதினதுதான் எனக்கு ஆறல. டீயைக் குடிக்காம எழுதியிருந்தாக்கூடப் பரவால்ல."

"குடிக்கலன்னா நீ கோவிச்சுப்பேன்னு..."

"அடிப்போடி!"

தாளில் ஒரு சொட்டும் இல்லை. அவள் கையெழுத்துப் போட்டாள். அவன் குழாயை மாட்டி மோட்டாரைப் போட்டான். அந்தச் சத்தத்திலும் நாற்றத்திலும் மேற்கொண்டு பேச முடியாது. அந்த ஞாயிறு அண்ணி போன் செய்தாள், குரலைத் தாழ்த்தவில்லை.

நைட்ரேட் மெதுவாகத்தான் இறங்கியது. முப்பத்தெட்டு வரை போய்விட்டு, ஒன்றரை வருஷத்தில் பதினாறுக்கு வந்தது. வாரியத்தின் ஆண்டறிக்கை வெளியாயிற்று. அதில் ஒரு வாக்கியம்: 'விழிப்புணர்வு மையத்தின் தொடர்ச்சியான செயல்பாட்டால் ஆறாம் கிணற்றின் நீர்த்தரம் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டுள்ளது.' அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்த வேண்டிய மெய்ப்பு கணவர் மேசைக்குத்தான் வந்திருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னார்: "'செயல்பாட்டால்'ங்கறது 'பூட்டால்'னு இருக்கணுமோன்னு ஓரத்துல குறிச்சு அனுப்பினேன். 'மூலப்படியே விடவும்'னு திருப்பிட்டாங்க."

பரிசும் கிடைத்தது. பரிசு கிடைத்தால் பார்க்க ஆள் வரும். தூரத்து நகரம் ஒன்றிலிருந்து ஓர் அதிகாரி வந்தார், மாதிரி மையத்தை நேரில் கண்டு போக. என்ஜினியர் வேறு கூட்டத்தில் இருந்ததால் சுற்றிக்காட்டும் பொறுப்பு பாட்டிலம்மாவுக்கு. அதிகாரி படம் பார்த்தார். இரண்டு குவளை தண்ணீர் குடித்தார். சுவை நன்றாக இருக்கிறது என்று மூன்றாவதும் குடித்தார். பிறகு அவள் காதருகே குனிந்து மெல்லக் கேட்டார்.

"இங்க இல்லிங்க சார்" என்றாள் அவள். பணியாளர் கழிவறையின் சாவி வைத்திருந்தவர் அன்று விடுப்பு. "ரெண்டாம் வட்டத்துக்கு வெளிய ஒரு தையல்கடை இருக்கு. அங்க நல்ல வசதி. அரை கிலோமீட்டர்தான்."

அதிகாரியின் காரோட்டி எங்கேயோ போயிருந்தார். அதிகாரியின் முகம் போகிற போக்கைப் பார்த்தால் அவர் அரை கிலோமீட்டர் நடக்கிற நிலைமையில் இல்லை. அன்று செவ்வாய்க்கிழமை. அண்ணன் வேலை முடித்து லாரியைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவள் கையைக் காட்டினாள். பரிசு பெற்ற மையத்தைப் பார்க்க வந்த பெரிய மனிதர், கழிவு லாரியின் முன்னிருக்கையில் மூக்கைப் பொத்தியபடி ஏறிப் போனார்.

திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. வருகைப் பதிவேட்டில் அரைப் பக்கம் பாராட்டி எழுதினார். தங்கள் ஊரிலும் இதேபோல் ஒன்று கட்டப் பரிந்துரைக்கப்போவதாகச் சொன்னார்.

"எங்க சார் கட்டப்போறீங்க?" என்று கேட்டாள் பாட்டிலம்மா.

"கிணத்துக்குப் பக்கத்துலதான். அப்பதானே ஜனங்களுக்கு மனசுல பதியும்."

கழிவறைக்கு முதலில் வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்தாள். தொட்டி, கூழாங்கல், பத்தொன்பது நாள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "நிச்சயமா, நிச்சயமா" என்றார். பக்கத்தில் நின்ற அண்ணன் அதற்குமேல் பொறுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் லாரியின் போன் நம்பர் அச்சிட்ட அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"வெளியூருக்கும் வருவோம் சார்" என்றான்.